அப்பாவின் நீல ஜாக்கெட்டும் லொத்தர் சீட்டும்

அப்பாவும், அவரோடு மொன்றியல் துறைமுகப் பக்கத்து வெயர்ஹவுசில் வேலை செய்த நால்வரும் சேர்ந்து வாராவாரம் லொத்தர் எடுப்பார்கள். சீட்டு அப்பாவின் நீல ஜாக்கெட் பொக்கற்றில்தான் இருக்கும். அவர் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டு அனுப்பியது நான்தான். பொக்கற்றைப் பார்க்கத் தோன்றவில்லை. தகனமும் முடிந்தது.

அடுத்த கிழமை அந்த நால்வரில் ரவி அண்ணையும் மற்ற மூவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

“பிள்ளை, குறை நினையாதை. கொப்பர் கடைசியா எடுத்த சீட்டு எங்கை? எங்கட மூலைக்கடை டெப்பனர்ல வித்த சீட்டுக்குத்தான் பெரிய பரிசு விழுந்ததாம். சீட்டைக் காட்டாட்டி ஒரு சதமும் தரமாட்டாங்கள்” என்றார் ரவி அண்ணை.

“ஜாக்கெட்டோடை எரிஞ்சிருக்கும்” என்றேன்.

“எரிஞ்சுதோ, ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?” என்றார் ஒருவர்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் கீழே போய் அப்பாவின் காரில் தேடினேன். சாரதி இருக்கைக்கு மேலே, வெயில் மறைப்பில் சீட்டு செருகியிருந்தது.

எல்லோருமாக டெப்பனருக்குப் போய் மெஷினில் காட்டினோம். பரிசு விழுந்துதான் இருந்தது, ஆனால் காசில்லை, இன்னொரு சீட்டு இலவசம்.

ரவி அண்ணை சிரித்தார். “செத்தும் மனிசன் எங்களை விடேல்லை. திரும்பவும் விளையாடட்டாம்.”

ஒளித்தேனா என்று கேட்டவர் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தார்.

இப்போது அப்பாவின் பங்கை நான் எடுக்கிறேன். பெரிய பரிசு எங்களுக்கு விழாது என்று தெரியும். ஆனாலும் சீட்டை எடுத்தவுடன் படம் பிடித்து, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் பொக்கற்றில் வைக்கிறேன். குழுவிலிருந்து அப்பாவின் நம்பரை யாரும் நீக்கவில்லை. படம் அவருக்கும் போகிறது.