மணியக்காரர் சொந்தம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நேற்று ஒரு கல்யாண பேனர் பார்த்தேன். வரவேற்பவர்கள் வரிசையில் மூன்று மணியக்காரர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் கவுன்சிலர், இன்னொருவர் ஏதோ கட்சியில் மாவட்டம். மூவருக்கும் ஒட்டுமிருக்காது, உறவுமிருக்காது, பந்தயமே கட்டுவேன். எங்கள் பக்கத்தில் எந்தக் காலத்திலோ ஒரு பாட்டன் ஊர் மணியம் பார்த்து வரி வசூலித்திருந்தால் போதும், பேரனின் விசிட்டிங் கார்டு வரைக்கும் அந்த வால் வந்துவிடும். ஜாதி வேறு, ஊர் வேறு, வால் மட்டும் ஒன்று.

புது பேனரின் மை வாடை மூக்கில் ஏறியதும் ஸ்டாம்ப் இங்க் வாடை ஞாபகம் வந்துவிட்டது. இங்கே ஒரு மணியக்காரர் வக்கீலிடம்தான் நான் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் நல்ல மனுஷர். நான்தான் வாயாடி. கோர்ட் வாசலில் ஆள் பிடிப்பதில் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து அஞ்சலையம்மா வந்தார். புருஷன் செத்த கையோடு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற ஒன்றரை ஏக்கரும் தனக்குத்தான் என்று கொழுந்தன் கேஸ் போட்டிருந்தான். அப்போது விழுப்புரத்தில் ஒரு மணியக்காரர் அரசியலில் ஓகோவென்று இருந்தார்.

"நம்ப வக்கீலு அவருக்குப் பங்காளியா தம்பி?"

"ஆமாம்மா, ஒரே ரத்தம்" என்றேன், கூசாமல்.

அந்த முகம் தெளிந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மடையன்.

சாட்சி சொல்லவேண்டிய நாளுக்குக் கார்டு போட்டேன். வரவில்லை. மூன்று தரம் பேர் கூப்பிட்டார்கள். அவர் இல்லாமலே கேஸ் அவருக்கு எதிராக முடிந்தது. மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து நிற்கிறார். கூண்டில் ஏறுவதைவிடப் பெரிய மணியக்காரரைப் பார்ப்பதுதான் காரியம் என்று ஒரு பை மல்லாட்டையோடு விழுப்புரம் போய், அவர் வீட்டு கேட்டில் பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கிறார். ஆளைப் பார்க்க முடியவில்லையாம். பையை வாங்கிக்கொண்டார்களாம், அதுவே போதுமாம்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி வக்கீல் மனுப் போட்டார். ஏன் வரவில்லை என்று ஜட்ஜ் கேட்க, அந்தம்மா உள்ளதைச் சொல்லிவிட்டார். ஜட்ஜுக்கு வந்ததே கோபம். கேஸுக்கு சிபாரிசா, இவர்கள் சொந்தமென்று யார் சொன்னது என்று அதட்டினார். வக்கீல் முந்திக்கொண்டு, எனக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது என்றார். அப்போதுதான் அஞ்சலையம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கேஸ் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லலீங்க. நானா நெனச்சிக்கினேன்."

மனு தள்ளுபடி.

அந்த வேலையை விட்டு எவ்வளவோ காலம் கழித்து, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று அந்த ஊருக்குப் போனேன். மல்லாட்டைக் கொல்லை முழுக்க பிளாட்டுக் கல். டீக்கடைக்காரரிடம் அஞ்சலையம்மாவைக் கேட்டேன். எந்த அஞ்சலை என்றார். கேஸில் நிலத்தை விட்டவர் என்றேன்.

"அந்த மாதிரி இங்க நெறைய பேரு சார். பட்டப்பேரு எதனா தெரியுமா?"

அவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.