பக் யாருடைய இருக்கையில்

எங்கள் ஐஸ் ஹொக்கி அணியில் ஒரு வழக்கம். கோலில் யார் நிற்பது என்று பயிற்சியாளர் வாய் திறந்து சொல்லமாட்டார். ஆட்டநாள் காலைப் பயிற்சி முடிந்ததும் ஒரு பக்கை, அதாவது எங்கள் கறுப்பு ரப்பர் வட்டை, உடைமாற்றும் அறையில் அன்றைக்கு நிற்கிறவரின் இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இருக்கை வெறுமையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஆடுகள ஓரத்து மர வாங்கில் இருக்கவேண்டியதுதான். பதினாறு வருடம் கோல் கீப்பராகச் சம்பளம் வாங்கிய எனக்கு, அந்த வட்டைக் கண்டால்தான் மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

கடைசிப் பருவத்தில் என் இடுப்பு சொல்வழி கேட்காமல் போனது. கழகம் என்னைக் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சியாளராகவும் ஆக்கியது. விளையாடுகிறவனும் நான், பக் வைக்கிறவனும் நான். கள்ளனிடமே சாவியைக் கொடுத்த கதை. கூச்சமில்லாமல் என் இருக்கையிலேயே வைத்து வந்தேன்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். முதல்நாள் அப்பா தொலைபேசியில் கேட்டார்.

"நாளைக்கு நீதானே நிக்கிறாய்?"

"ஓம்."

அதுதான் பிழை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய காலத்திலிருந்தே அப்பாவுக்கு ஒரு செய்தியைத் தனக்குள் வைத்திருக்கத் தெரியாது. எங்கள் ஆட்கள் குடியிருக்கும் ட்வெய்ட்டாவிலும் ரொம்மனிலுமிருந்து மூன்று வான் வண்டிகளில் சனம் புறப்பட்டது. தின்னப் பொரித்த ரோல்ஸ் தனிப் பெட்டியில் வந்தது. அம்மாவைச் சொல்லத் தேவையில்லை. ஓர் ஆட்டமும் தவறவிட்டதில்லை. "அந்த வட்டு பறந்து வரேக்கை கொஞ்சம் விலகி நிண்டால் என்ன?" என்பது அவர் வழக்கமாகத் தரும் ஆலோசனை.

அன்று காலைப் பயிற்சியில் முழங்காலில் விழுந்து ஓர் அடியை மறித்தேன். மறித்தது சரி, எழும்ப முடியவில்லை. மற்றக் கோல் கீப்பர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், கைகொடுத்துத் தூக்கிவிட்டான். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்தில் பக்கை என் இருக்கையிலேயே வைத்திருப்பேன்.

மற்றவர்கள் வருமுன் உடைமாற்றும் அறைக்குப் போய் அதை அவனுடைய இருக்கையில் வைத்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை. கொஞ்சம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கோப்பி குடித்தேன்.

வாங்கில் இருக்கும் கோல் கீப்பருக்கு ஒரு வேலை உண்டு. வீரர்கள் மாறும்போதெல்லாம் பனித்தளத்துக்குப் போகும் கதவைத் திறந்து மூடுவது. மேலேயிருந்து மாமா ஒருவர் அரங்கு அதிரக் கத்தினார்.

"டேய், உன்னை ஏன் கதவுக்கு விட்டிருக்கிறாங்கள்?"

நல்லவேளை, எங்கள் ஆட்களைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. கையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பினோம். கடைசி நிமிடத்தில் அவன் மறித்த அடியை நான் மறித்திருக்கமாட்டேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

வெளியே அப்பா, மூன்று வான் சனத்துக்கும் நடுவே, முகத்தைத் தொங்கப்போட்டபடி நின்றார். அம்மாதான் ரோல்ஸ் பெட்டியோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

"நல்ல விளையாட்டடா இது! இண்டைக்குத்தான் முழுக்கப் பாத்தனான்."

"பதினாறு வருசமா ஒவ்வொரு மட்சுக்கும் வந்தனீங்களல்லோ அம்மா?"

"வந்தனான்தான். நீ அங்கை நிக்கேக்கை நான் எப்பிடியடா கண்ணைத் திறக்கிறது?"