போட்டாவுக்கு இன்னா முதுகு?

அந்தத் தையற்காரரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஒடிசலான ஆள். உதடுகளுக்கிடையே எப்போதும் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். பேச வேண்டுமென்றால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாக வேண்டும். அதனால் பேச்சு குறைவு.

எங்கள் பத்திரிகையின் பொங்கல் மலர் அட்டைக்காக, சினிமாவில் பாடி ஊரையே மயக்கிக்கொண்டிருந்த நடிகை ஒருவரைத் தியாகராயநகர் பங்களாவில் படமெடுத்தோம். ஜவுளிக்கடையார் அனுப்பியிருந்த வெல்வெட் ரவிக்கைகள் அத்தனையும் அந்த அம்மாளுக்குச் சிறிசு. பாய் முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு, குண்டூசி குத்தி ஒப்பேற்றினார்.

“பின்னாடி பார்க்க சகிக்கலையே, பாய்?” என்றேன்.

“போட்டாவுக்கு இன்னா சார் முதுகு?” என்றார்.

பாதிப் படம்கூட எடுக்கவில்லை. அம்மாளின் பாட்டு வாத்தியார் மயிலாப்பூரிலிருந்து வந்து வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நமஸ்கரிக்கக் குனிந்துவிட்டார். குண்டூசிகள் தெறித்துத் தரையில் விழுந்தன. அதற்குள் பாய் காமிராவின் கறுப்புத் துணியை உருவி, இரண்டு கைகளாலும் அகல விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். முகம் எங்கள் பக்கம்! காமிராக்காரர் கத்திய கத்தலுக்கு அவர் அசையவில்லை. அம்மாள் உள்ளே போன பிறகுதான் கைகளை இறக்கினார்.

“போட்டாவுக்கு முதுகு ஏதுன்னீங்களே, பாய்?” என்று சிரித்தேன்.

உதட்டிலிருந்த குண்டூசிகளை நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்தார்.

“போட்டாவுக்குத்தான் இல்ல சார். அம்மாவுக்குக் கீதே.”