ஹார்ட்முட் ஸீடலும் குட்டி ட்ரம்பெட்டும்

ஹார்ட்முட் ஸீடலுக்கு ஐம்பத்தெட்டு வயது. எல்ப் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தின் இசைக்குழுவில் இருபத்தொன்பது வருடமாக முதல் ட்ரம்பெட். ரொட்டிக் கடை வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பவர்கள் திரும்பி வணக்கம் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு வருடமாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? ஆனால் உண்மை அதுதான்.

எல்லாம் ஒரே ஒரு ஸ்வரத்தால் வந்த வினை. சில வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் வாசிக்கும் ஒரு சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் ட்ரம்பெட்டுக்காரர்கள் எழுபத்தாறு தாளக்கட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வயலின்கள் அடங்கிப்போன நேரத்தில், முதல் ட்ரம்பெட் உச்சியில் ஒரு ஸ்வரத்தைத் தூங்குகிற குழந்தை விழிக்காத அளவு மெதுவாக எடுக்க வேண்டும். வழக்கமான ட்ரம்பெட்டின் குழாய் நீளமானது. மேலே போகப் போக அதில் ஸ்வரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். உதடு கொஞ்சம் பிசகினால் பக்கத்து ஸ்வரம் வந்து மானத்தை வாங்கிவிடும். அதைவிடக் குட்டையான, சுருதி கூடிய ட்ரம்பெட்டும் உண்டு. அதில் அதே ஸ்வரம் அக்கம்பக்கம் இடம் விட்டுத் தாராளமாக உட்கார்ந்திருக்கும். நாதம் கொஞ்சம் மெலிந்து கேட்கும், அவ்வளவுதான். கஷ்டமான இடம் வந்தால் எத்தனையோ பேர் கூச்சமில்லாமல் அதை எடுத்து ஊதிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் குழுவில் மட்டும் அது ஆகாது. ஆகாது என்று சட்டம் போட்ட புண்ணியவானே நம்ம ஹார்ட்முட்தான்.

அங்கே புதிதாகச் சேர்கிறவர் ஒரு வருடம் சோதனைக்கு வாசிக்க வேண்டும். முடிவில் கூட வாசிப்பவர்களே ஓட்டுப் போட்டு, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று தீர்மானிப்பார்கள். பதினாலு வருடத்துக்கு முன்னால் யோஸ்ட் என்ற ஒருவர் இதே சிம்பொனியில் குட்டி ட்ரம்பெட்டை எடுத்துச் சுத்தமாகவே வாசித்தார். ஓட்டுக் கூட்டத்தில் ஹார்ட்முட் எழுந்து, "சின்னதத் தேடி ஓடுறவனுக்கு நம்ம வரிசையில நாற்காலி எதுக்கு?" என்று கேட்டார். பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்தே, அனுப்பிவிடலாம் என்று கையைத் தூக்கினார்கள். யோஸ்ட் மூட்டை கட்டினார். அன்றிலிருந்து அது எழுதாத சட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முன்பல்லில் வைத்தியம் பார்த்த பிறகு அவர் உதடு பழைய உதடாக இல்லை. மூன்று தடவை எடுத்தால் ஒரு தடவை பிளந்தது. சிம்பொனி திரும்பவும் நிகழ்ச்சி நிரலில் வந்ததைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. குழுவின் அலமாரியிலேயே ஒரு குட்டி ட்ரம்பெட் சும்மா கிடந்தது. அதைத் தொட்டால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ரயிலேறி வேறு ஊருக்குப் போய் ஒன்று வாங்கி வந்து, ஊருக்கு வெளியே நகரத்துக்காரர்கள் வாடகைக்கு எடுத்துச் செடி வளர்க்கும் தோட்டங்களுக்கு நடுவே, தங்கள் குடிலில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் போடக் கூடாது என்பது தோட்டச் சங்கத்து விதி. அந்த நேரத்திலும் அவர் ஊதியதால் அடுத்த தோட்டக்காரர் இரண்டு முறை வேலியைத் தட்டினார். தாளில் எழுத்து அதேதான், விரல் போகவேண்டிய வழி மட்டும் வேறு. பதற்றத்தில் விரல் பழைய வழிக்கே ஓடியது.

மனைவி கெர்லிண்டே உருளைக்கிழங்கு சாலடோடு வந்தவள் கதவருகே நின்று கேட்டாள். "உனக்குப் பயம் அந்த ஸ்வரத்துமேலயா, ஊர் வாய்மேலயா?"

"ரெண்டும்தான்" என்றார்.

சனிக்கிழமை கடைசி ஒத்திகையில் கௌரவத்துக்காகப் பெரியதிலேயே ஊதினார். ஸ்வரம் உடைந்தது. குழுவின் இசை நடத்துநர் இன்னொரு தடவை என்றார், வந்தது. பக்கத்தில் இரண்டாம் ட்ரம்பெட் மாலின், சோதனை வருடத்தின் பதினோராம் மாதத்தில் இருந்தவள், தலை நிமிராமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவன் கதை முடிந்தது என்று நினைக்கிறாள் என்று ஹார்ட்முட் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கச்சேரி. குட்டி ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். பித்தளை குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். சத்தமில்லாமல் மூச்சை ஊதிச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஐம்பதாவது தாளக்கட்டில் அதை எடுத்துக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். இதயம் அடித்த அடியில் எண்ணிக்கை தப்பியது. அறுபத்தொன்றா, அறுபத்து மூன்றா? இருபத்தொன்பது வருடத்தில் நடக்காதது.

ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். மாலின் முழங்காலின் மேல் ஏழு விரலை விரித்தாள், பிறகு முஷ்டியை மடக்கினாள். எழுபது. அவர் கோட்டுக்குள் இருந்ததையும் அவள் பார்த்தாயிற்று. ஆறு தாளக்கட்டு எண்ணி, குட்டியை உதட்டில் வைத்தார்.

ஸ்வரம் வந்தது. எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியாத மாதிரி வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வரிசைக் கொம்பு வாத்தியக்காரர்கள் தங்கள் தாளைப் புரட்டினார்கள். கடைசியில் நடத்துநர் அவரைத் தனியாக எழுப்பி நிறுத்த, ஜனங்கள் கைதட்டினார்கள். இதற்கா இவ்வளவும் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது மாலின் வந்து நின்றாள்.

"அழகா வந்துச்சு. அது சின்னதுதானே?"

மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தார். முடியவில்லை. "ஆமாம்மா. பெரிசுல எனக்குப் பயம். ரெண்டு வருஷமா."

அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாத ஓபரா இசைநாடகத்தில் தனக்கு ஒரு இடம் பெரியதில் வரவே வராது என்றும், வீட்டு அலமாரியில் குட்டி ட்ரம்பெட் இருந்தும் அவரிடம் கேட்கப் பயந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் குழுவின் அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அவர்களும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டு, விண்ணப்பப் பட்டியலில் அடுத்து இருந்தவருக்கு அந்த இடத்தைத் தருவதாக எழுதிவிட்டார்களாம்.

"நாளைக்கே நான் போய்ப் பேசறேன்" என்றார் ஹார்ட்முட். "நானும் உன்ன மாதிரிதான் பயந்துகிட்டு இருந்தேன்."

மாலின் தன் ட்ரம்பெட் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இத வெள்ளிக்கிழமை காலையில சொல்லியிருக்கலாமே, ஹார்ட்முட்."