கொம்பு வைத்த தாய் மான்

ஆர்ட்டிஸ்ட் தங்கையா அண்ணாச்சி இன்று காலையில் இறந்துவிட்டார். நாரணாபுரத்தில், வீட்டிலேயே. ஒரு வருஷமாகவே படுக்கைதான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் வரைந்த மானை ஏதாவது ஒரு தீபாவளிக்குக் கிழித்துப் போட்டிருப்பீர்கள்... சரவெடிப் பாக்கெட் மேல் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்குமே, அந்தப் புள்ளிமான்.

அந்தத் தாய் மானுக்குத் தலையில் பெரிய கொம்பு இருக்கும். புள்ளிமானில் கிடாவுக்குத்தான் கொம்பு, பெட்டைக்குக் கிடையாது.

அதை வரைந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டாசு ஆபீஸில் கூலி வேலை, இவர் மானை நேரில் பார்த்ததே இல்லை. கொம்பு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று வைத்துவிட்டார். முதலாளி பார்த்தார், லேபிள் அடிக்கிற கம்பெனி அச்சாபீஸில் அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

லேபிள் பிய்த்துக்கொண்டு போனது.

ரொம்ப நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக்குப் போனவர், அங்கே முதல்முறையாக மான் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம். "ஆளைக் கொன்னுட்டு வந்தவுக கணக்கா உக்காந்திருந்தாக" என்று மதினி சொல்லிச் சிரிப்பார்கள்.

அதற்கப்புறம் கண்ணால் பார்க்காத எதையும் அவர் வரைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நோட்டும் பென்சிலுமாக பஸ் ஏறிவிடுவார். மலை அணில், மரங்கொத்தி, காட்டுப்பன்றி... எல்லாம் லேபிளில் வந்திருக்கின்றன.

ஒருமுறை சீசன் நெருக்கத்தில் முதலாளி சிங்கம் கேட்டார். "பார்த்ததில்லையே மொதலாளி" என்று சொல்லிவிட்டு வண்டலூருக்கு ரயில் ஏறிப் போனவர் மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். அந்த மூன்று நாளும் மேனேஜரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நான் அதே அச்சாபீஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இந்த மிஷின்ல அந்தக் கொம்ப எடுக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிசம் அண்ணாச்சி."

"அம்புட்டுத்தானா..." என்றார்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஓடுகிற லேபிளில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. வடக்கே வாங்குகிறவர்கள் பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் மாறினாலும் டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் தப்பு இருந்தால் அந்தத் தப்பும் அப்படியே அச்சாக வேண்டும்.

அவர் வருஷா வருஷம் முதலாளியிடம் கேட்பார். வருஷா வருஷம் இல்லை என்று பதில் வரும். "சாவுறதுக்குள்ள அதச் சரி பண்ணிப்புடணும் தம்பி. என் பேரு சொல்ற படம் அது ஒண்ணுதான், அதுவா தப்பாப் போகணும்?" என்பார்.

ஒரு சீசனில் எனக்கே மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் கொம்பை எடுத்து அச்சு பிளேட்டுக்கு அனுப்பிவிட்டேன். அச்சான தாளை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பார்வை... சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

பாட்னா டீலர் ஒரு லோடு முழுவதையும் டூப்ளிகேட் மால் என்று இறக்காமல் திருப்பிவிட்டார்.

முதலாளி செக்‌ஷனுக்குள்ளேயே வந்துவிட்டார். "எவம்லே கொம்புல கை வச்சது?"

நான் எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நாந்தான் மொதலாளி. தம்பிக்குத் தெரியாது. நான் சொன்னதத்தான் செஞ்சான்."

அந்த சீசன் முழுக்க அவருக்கு வேலை கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம், வேலை போய்விடும் என்று பயம். இன்றைக்கும் அது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மான் மறுபடியும் கொம்போடு போக ஆரம்பித்தது. அவர் அதற்கப்புறம் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

போன மாதம் நெட்டில் ஒரு படம் கிடைத்தது. கனடாவில் க்ரீ என்ற பழங்குடியைச் சேர்ந்த ஓர் ஓவியர் வரைந்தது. அங்கே கரிபு என்று ஒரு மான் உண்டாம், அதில் பெட்டைக்கும் கொம்பு இருக்குமாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"பாத்தீகளா அண்ணாச்சி, பொட்டைக்கும் கொம்பு இருக்கு!"

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"வேலை சுத்தம். கூடவே இருந்து பாத்தவன் வரைஞ்சிருக்கான்." பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "இது அந்தூரு மானு தம்பி. நான் நம்ம மானுக்குல்ல கொம்பு வச்சேன்."

இன்று மதியம் கம்பெனி சார்பில் அஞ்சலி போஸ்டர். டிசைன் என்னிடம்தான் வந்தது. அவர் போட்டோவும் கீழே அந்த மானும் போடச் சொன்னார்கள்.

போட்டேன். ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

ப்ரூஃப் பார்க்க முதலாளியே வந்தார். வயதாகிவிட்டது அவருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொம்பு எங்கலே?"

"நாந்தான் எடுத்தேன் மொதலாளி. அன்னைக்கும் அவுக சொல்லல, நானாத்தான் எடுத்தேன். அவுக சும்மா பழியை ஏத்துக்கிட்டாக."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார்.

"மிஷின ஓட்டுலே. இத எந்த டீலரு பாக்கப் போறான்."

சாயங்காலமே ஒட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலும் நாரணாபுரம் ரோட்டிலும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

போய்ட்டு வாங்க அண்ணாச்சி.