ஆறு கைகளும் கோப்பெங்கிலிருந்து வந்தன

போன ஞாயிறு ஈப்போவில் என் நாடகம் மேடையேறியது. கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது... இந்த வாரம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள்.

விண்வெளிக் கதை. நாயகன் ழூரன் வேற்றுக்கிரகத்து வாள் வித்தகன். ஆறு கை, ஆறு வாள். தன் கிரகத்தைப் பிடிக்க வந்த படையைத் தனி ஆளாகத் தடுக்கிறான். எழுதுவது சுலபம். பேனா கேட்டால் எத்தனை கை வேண்டுமானாலும் முளைக்கும்!

மேடையில்? நாடகத்தை இயக்கிய காம்பார் கல்லூரி மாணவன் பிரகாஷ், நடிகரின் முதுகில் நான்கு ஸ்பாஞ்ச் கைகளைக் கட்டினான். நடிகர் ஒரு சுற்றுச் சுற்றினார். நான்கும் கொடியில் காயும் துணி மாதிரி ஆடின. ஒத்திகை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சண்டைய தூக்கிடலாம் சார்," என்றான் பிரகாஷ்.

அந்தச் சண்டைதானே கதை? அதை எடுத்தால் என்ன மிஞ்சும்?

சண்டைப் பயிற்சிக்கு வந்திருந்த சுமதி எழுந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில் கோப்பெங்கில் சிலம்பம் கற்றுக்கொடுப்பவர்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஸ்பாஞ்சுல வீச்சு வராதுலா. நெஜக் கை வேணும்."

"ஆறு கைக்கு எங்கேம்மா போறது?"

"எங்க வீட்ல இருக்கு. அக்கா தங்கச்சி நாங்க மூணு பேரு."

பிரகாஷ் தலையைச் சொறிந்தான். "ழூரன் ஆம்பளையாச்சேக்கா..."

"வேற கெரகத்துல அதெல்லாம் யாரு போயி பாத்தா?"

நாயகன் அன்றே நாயகியானான். ஸ்பாஞ்ச் கை நடிகர் எதிரித் தளபதியானார் — நிம்மதியாக.

வேலை முடிந்து தினமும் பயிற்சி. முன்னால் சுமதி, நடுவில் அக்கா ராதா, கடைசியில் தங்கை மாலா. ஒட்டி நின்று, மூவருக்கும் ஒரே கறுப்பு அங்கி. பின்னால் இருக்கும் இருவருக்கும் எதிரே ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்பவரின் முதுகு அசைவதை வைத்தே வாளை வீச வேண்டும். முதல் நாள் ராதாவின் மரவாள் சுமதியின் தோளில் விழுந்தது.

"சாக்கிட்லா அக்கா, வலிக்குது!" என்று அலறிவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே மறுபடியும் நின்றார்.

ஞாயிறு. மண்டபம் நிறைந்திருந்தது. திரை விலகியது. இருட்டில் ஒரே ஒரு முகம்... மெல்ல விரிந்தன ஆறு கைகள்.

கடைசிச் சுற்று. தளபதியின் அடியில் ராதாவின் வாள் நழுவித் தரையில் விழுந்தது. போச்சு, என்று கண்ணை மூடப் போனேன். சுமதி லேசாக முதுகை இறக்கினார். கால் நுனியால் வாளை எத்தினார். அது மேலே எழும்பியது. ராதா பார்க்காமலே கையை நீட்டி, கப்பென்று பிடித்தார்!

விசில் கூரையைத் தொட்டது. தளபதி மண்டியிட்டார்.

வணக்கம் சொல்லும்போது அங்கிக்குள்ளிருந்து மூவரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்து, மண்டபமே எழுந்து நின்றது. நானும்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"அந்த வாளை எப்படிம்மா பிடிச்சே?" என்று ராதாவைக் கேட்டேன்.

"அவ முதுகு எறங்குச்சு. கால்ல எடுக்கப் போறான்னு தெரிஞ்சுச்சு. கைய நீட்டுனேன். அவ்ளோதான்லா அண்ணே."

அவ்வளவுதானாம்! மூன்று பேர் ஒரே உடம்பாக நின்று ஒரு கிரகத்தையே காப்பாற்றிவிட்டார்கள். நானும் என் தம்பியும் சேர்ந்து இதுவரை ஒரு சோபாவைக்கூட வாசலைத் தாண்டிக் கொண்டுபோனதில்லை.