சத்தம் இல்லையென்றால் வழி காலி

செய்தியைக் கொண்டுவந்தவர் சேலம் பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். நான் மாமாவின் மைக்செட் கடை வாசலில் உட்கார்ந்து சிக்கலான ஒயர்ச் சுருள் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். இரண்டு கைகளாலும் ஒரு ஹெல்மெட்டை, தண்ணீர் தளும்பும் குடத்தைப் போலப் பிடித்திருந்தார். அது அத்தையின் ஹெல்மெட்.

“உள்ளார பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு?”

“இல்லீங்க. மாமாவும் அத்தையும் சேலம் போயிருக்காங்க.”

“அது தெரியுஞ் சாமி” என்றார். ஹெல்மெட்டை என் மடியில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பதினோராவது வளைவு. செங்கல் லாரி மேல ஏறி வந்திருக்குது, புல்லட்டு அதுல மோதிருச்சு. உங்க அத்தைக்குக் கைதான் ஒடஞ்சிருக்குது. மாமாவைச் சேலத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. பக்கத்து ஊட்டுல யாரையாச்சும் கூப்புடு.”

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மாமாவின் தலையிலும் ஒரு கீறல் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அடி முழுவதும் நெஞ்சில். தலை நன்றாக இருக்கும்போது ஒருவர் எப்படி இறந்துபோக முடியும்? பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் எனக்குப் புரியவில்லை.

பதினாறாம் நாள் சாயங்காலம் நம் மலையிலுள்ள மைக்செட்காரர்களும் பந்தல்காரர்களும் சேர்ந்து மாமாவுக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறீர்கள். மாமாவின் ஆம்பிளிஃபயரையும் மாமாவின் குழாய் ஸ்பீக்கரையும்தான் அங்கே கட்டப்போகிறீர்கள். ‘நீ கட்டுரை நல்லா எழுதுவியாமே, மாமாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வாசி கண்ணு’ என்று என்னிடம் சொன்னீர்கள். அந்த இரண்டு பக்கத்தை எழுதி அத்தையிடம் காட்டிவிட்டேன். இது வேறு. அத்தை தூங்கிய பிறகு, சாமான் அறையில் விளக்கைப் போர்வையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மைக்செட் பழனிவேலை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். தலைச்சோலை எஸ்டேட்டில் வேலை செய்பவரின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே ஏற்காட்டில், அப்பாவின் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். மாமாவின் புல்லட்டில் பின்னால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவதால் ‘சட்டித்தலை’ என்று நீங்கள் கூப்பிடுகிற பெண்.

மாமாவுக்கு வலது காது ஏன் கேட்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கொட்டச்சேட்டுத் திருவிழாவில் சவுக்கு மரத்தில் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காது குழாயின் வாய்க்குள் இருந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ நாதஸ்வர இசைத்தட்டை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டார்கள். இடது காதும் பாதிதான் மிஞ்சியது. போட்டது யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், “அன்னைக்கு உள்ள போன நாதஸ்வரம் இன்னும் வெளிய வரலீங்க” என்று மட்டும் சொல்வார்.

வீட்டுக்குள் காது இல்லாமல் சமாளித்துவிடலாம். மலை ரோட்டில் முடியாது. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தால் அவருக்குக் கேட்காது. அத்தை பின்னாலிருந்து முதுகில் குத்துவார். ஒரு குத்து பஸ், இரண்டு குத்து லாரி என்று பேச்சு. ஒருநாள் அத்தை பயத்தில் ஐந்தாறு குத்து சேர்த்துக் குத்த, மாமா, “என்னடி சரோசா, இறங்கோணுமா?” என்று தலையைத் திருப்பிவிட்டார். பஸ் அவர்களை உரசிக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே பழைய மைக் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டார்.

முதலில் செய்தது ஒயர் வைத்தது. அத்தையின் ஹெல்மெட்டில் மைக், மாமாவின் ஹெல்மெட்டில் இடது காதுப் பக்கம் சின்ன ஸ்பீக்கர், நடுவில் இரண்டு முழ ஒயர். சேலத்தில் பூக்காரியைப் பார்த்ததும் அத்தை ஒயரை மறந்து குதித்து இறங்கி நடக்க, மாமாவின் தலையும் கூடவே போனது. “கயித்துல கட்டுன மாடாட்டம் ஆயிட்டனே!” என்று நடுரோட்டில் கத்தினார். அதற்குப் பிறகுதான் கல்யாணங்களில் பேசுவதற்கு வாங்கி வைத்திருந்த கார்ட்லெஸ் மைக்கைப் பிரித்து, ஒயரே இல்லாமல் செய்தார். பின்னால் இருப்பவர் பேசினால் முன்னால் இருப்பவர் காதில் விழும். முன்னால் இருப்பவருக்கும் ஒரு மைக் வைக்கலாம் என்று மாமா யோசித்தபோது அத்தை, “இவரு பேசுனா கிளியூர்ல கேக்குது, இவருக்கு மைக்கு வேறயாக்கும்!” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீங்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கல்யாணக் கதைக்கு வருகிறேன். மண்டபத்தில் காலையிலேயே மைக்செட் கட்டியாகிவிட்டது. மாமா வீட்டுக்கு வந்து அத்தையை அழைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போனார். ஹெல்மெட் மைக்கும் மண்டபத்து மைக்கும் ஒரே அலைவரிசையில் பேசும் ஜோடி என்பதை மறந்துவிட்டார். வண்டி மண்டபத்து வாசலை நெருங்கியபோது, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வந்தது. “ஏனுங்க, மொய்ய வெச்சதும் கெளம்பீரலாம். போன கல்யாணத்துல இவங்க போட்ட சாம்பாரக் குடிச்சே எனக்கு மூணு நாளு வயிறு சரியில்ல.” மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாராம். பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து, “வாங்கம்மா, இந்தத் தடவ சாம்பார் வேற ஆளு” என்றாராம். அன்றிலிருந்து அத்தைக்கு ஊரில் ‘ஸ்பீக்கரம்மா’ என்று பேர். அத்தை இரண்டு வாரம் மாமாவோடு பேசவில்லை. மாமா ஹெல்மெட்டில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

‘என்ன மைக்செட்டு, சட்டியக் கவுத்துக்கிட்டுப் போறீங்க?’ என்று கேட்டவர்களிடம் அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. “கண்ணு தெரியாதவரு கோலு வெச்சுக்கறாரு. காது கேக்காதவன் நான் சட்டி வெச்சுக்கறேன். இதுல வெக்கம் என்னங்க?” என்பார். எத்தனையோ பேர் காது கேட்காததை மறைக்கிறார்கள். மாமா அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

அத்தைக்கு முடியாத நாட்களில் சேலத்துக்குச் சாமான் வாங்க நான்தான் பின்னால் போவேன். அப்போது ஒரே சட்டம். பஸ், லாரி, கார், இவற்றில் எது வருகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றும் வராவிட்டால் வாயே திறக்கக் கூடாது. “சத்தம் இல்லையென்னா வழி காலி. அதுதான் நமக்குள்ள கணக்கு” என்பார். ஒருமுறை பதினைந்தாம் வளைவில் நான், “மாமா, கணக்குப் பேப்பர் குடுத்துட்டாங்க” என்று ஆரம்பித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். “மார்க்க ஊட்டுல சொல்லு. இங்க லாரிய மட்டும் சொல்லு” என்றார். வண்டியைக் கிளப்பி நான்கு வளைவு இறங்கிய பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. “எவ்வளவு?” என்றார். “முப்பத்தெட்டுங்க.” “அதுக்கு லாரியே தேவல” என்றார்.

அந்த மைக்குக்குச் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. இரண்டு முனையும் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மைக்செட்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் மாமாவும் செய்வார். முனைகளை நாக்கில் வைப்பார். சுர்ரென்று கடித்தால் நல்ல பேட்டரி. லேசாகப் புளித்தால் தூக்கிப் போட வேண்டும். ஆனால் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டுப் போட்டு மாமாவின் நாக்கு மரத்துவிட்டது. அதனால் போன வருடத்திலிருந்து வண்டி கிளம்பும் முன் நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை. கிளம்பும்போது, “கண்ணு, நாக்குல வெச்சியா?” என்று கேட்பார். “வெச்சேனுங்க மாமா” என்பேன். வண்டி கிளம்பும்.

இனி எழுதப்போவது எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் களிமண்ணால் நம் மலை ரோட்டைச் செய்திருந்தேன். இருபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அதை எரிய வைக்க, யாரிடமும் கேட்காமல் அத்தையின் ஹெல்மெட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை விளக்குகள் எரிந்தன. இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பேட்டரியை இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

ஞாயிறு காலையில் மாமா வண்டியை வெளியே எடுத்தார். நான் பேட்டரியை நாக்கில் வைத்தேன். லேசாகத்தான் புளித்தது. கடிக்கவில்லை. கடையில் புதுப் பேட்டரி இல்லை. சொன்னால், ஏன் தீர்ந்தது என்று கேட்பார். கேட்டால், எடுத்ததைச் சொல்ல வேண்டும். அத்தை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“கண்ணு, நாக்குல வெச்சியா?”

“வெச்சேனுங்க மாமா. சுர்ருங்குது.”

அவ்வளவுதான் நான் சொன்னது. அத்தை மைக்கில், “ஏனுங்க, கேக்குதுங்களா?” என்றார். “கேக்குது, கேக்குது” என்றார் மாமா. அப்போது கேட்கத்தான் செய்தது. இரண்டு பேரும் போனார்கள்.

அத்தை இப்போது கையில் மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வாரம் முழுக்க ஒன்றையேதான் சொன்னார். “லாரின்னு நான் சொன்னேன்னுதானுங்க நெனச்சேன். சொல்லலையாட்டம் இருக்குது. சொல்லியிருந்தா அவரு நின்னிருப்பாரில்ல? பஸ்ஸுன்னு மேல ரெண்டு வாட்டி சொன்னேன், ரெண்டு வாட்டியும் ஓரங்கட்டி நின்னாரே.” மாமாவின் அண்ணன் ஆறுதலாகத்தான் சொன்னார். “பயத்துல வாயடச்சிருக்கும், உடு சரோசா.” அவ்வளவு அன்பாக அவர் சொன்னதும் அத்தை அதை முழுவதும் நம்பிவிட்டார். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா வாசலில் நின்று, “கல்யாண மண்டபமே கேக்கறாப்ல பேசுனவ, பேச வேண்டிய எடத்துல பேசல பாரு” என்றார். அது அத்தையின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அத்தை பேசுவதில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார்.

அத்தை சொன்னார். எனக்குத் தெரியும். அத்தை, நீங்கள் லாரி என்று சொன்னீர்கள். பஸ்ஸுக்கு இரண்டு தடவை வேலை செய்த பேட்டரி அதற்குள் தீர்ந்துவிட்டது. மாமாவின் காதில் சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் வழி காலி. அவர் தம்முடைய சட்டப்படியே திரும்பினார். நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள். மாமா அவர் வேலையைச் செய்தார். மூன்று பேரில் வேலையைச் செய்யாதவள் நான்.

கண்டக்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துவிட்டுத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அழுகை வருவதற்கும் முன்னால், பேட்டரியைக் கழற்றிப் பாவாடை மடிப்பில் மறைத்ததுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகப் போனது. இப்போது அது என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதை வாசித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். தலைச்சோலைக்கு அனுப்பிவிடலாம். படிப்பு நின்றுவிடலாம். அதைவிட, அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை நினைத்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வாசிக்காவிட்டால் அத்தை வாழ்நாள் முழுக்கத் தன் வாயைத் தானே நம்பாமல் இருப்பார்.

மாமாவிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று அந்தப் பேட்டரி. சற்று முன்புகூட நாக்கில் வைத்துப் பார்த்தேன். தகரத்தின் ருசிதான் இருந்தது. இன்னொன்று, மைக் கட்டி முடித்ததும் அவர் வழக்கமாகக் கேட்பது. மற்றவர்களைப் போல ஹலோ, ஒன்று, இரண்டு என்று அவர் சொல்லவே மாட்டார். “கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா? கேட்டா கை தூக்குங்க” என்பார். தனக்குக் கேட்காததால், அடுத்தவருக்குக் கேட்கிறதா என்று கையைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

பதினாறாம் நாள் நானும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் இதை வாசிக்கத் தொடங்குவேன். நீங்கள் யாரும் கை தூக்க வேண்டாம். அத்தை முன்வரிசையில் இருப்பார். ‘நீங்கள் லாரி என்று சொன்னீர்கள்’ என்ற இடம் வரும்போது நான் நிறுத்துவேன். கட்டுப் போடாத கையை அத்தை தூக்கும்வரை மேற்கொண்டு வாசிக்க மாட்டேன்.